ஒரு தெரு, ஏழு அலுவலகம்: சென்னையில் துறைகளைச் சேர்த்து வேலை வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கத்தினர், வார்டு குழு உறுப்பினர்கள், சுய உதவிக் குழுவினர், தெருவில் நாலு பேருக்காக அலைகிறவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. ஒரே அலுவலகத்தில் முடிகிற வேலைகள் இங்கே இல்லை. இரண்டு மூன்று துறைகள் சேர்ந்தால் மட்டுமே தீரக்கூடிய கொசு, கழிவுநீர், குடிநீர், வெள்ளம், நடைபாதை போன்றவற்றைத்தான் பார்க்கிறோம்.

சென்னையில் எது யாருடைய வேலை?

தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, கொசு ஒழிப்பு, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் மாநகராட்சி. குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியம். நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது இதைத்தான். கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவை நீர்வளத் துறையிடம். அண்ணா சாலை, நூறடிச் சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். மின்கம்பி, மின்பெட்டி மின்வாரியம். போக்குவரத்தும் நடைபாதையில் நிற்கும் வண்டியும் காவல் துறை. அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழ். அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது, 2021இல் பெயர் மாறியது.

இந்தப் பிரிப்பை மனப்பாடம் செய்வதைவிட, ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தரைக்குக் கீழே சாலை நடுவில் வட்ட மூடி இருந்தால் அது குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாய். சாலை ஓரத்தில் சிமென்ட் பலகை மூடிய பெட்டி வடிவக் கால்வாய் என்றால் அது மாநகராட்சியின் மழைநீர் வடிகால். சென்னையில் பாதி புகார் தவறான வாசலுக்குப் போவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

எல்லாருக்கும் ஒரே எல்லைதானா?

இல்லை, சிக்கலே இங்கேதான். 2011இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர் உட்பட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் உள்ளே வந்தன. 200 வார்டு, 15 மண்டலம் என்று பிரித்தார்கள். வருவாய் மாவட்டத்தின் எல்லை மாநகராட்சி எல்லையோடு பொருந்தியது 2018இல்தான். குடிநீர் வாரியம் தன் பகுதிகளை மாநகராட்சி மண்டலங்களை ஒட்டியே வைத்திருக்கிறது. ஆனால் மின்வாரியப் பிரிவு அலுவலக எல்லை வேறு, காவல் நிலைய எல்லை வேறு, சட்டமன்றத் தொகுதி வேறு.

தெற்கே போனால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கின்றன. பக்கத்துப் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. மூன்று இடத்திலும் வீடு கட்டிக் கொடுத்தது ஒரே வாரியம். ஆனால் குப்பை எடுப்பவர் வேறு, விளக்கு மாட்டுபவர் வேறு. காவல் துறையோ 2022இல் வந்த தாம்பரம் ஆணையரகம். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று சொல்ல வேண்டுமானாலும் எந்த மாவட்டக் கல்வி அலுவலகம் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

எனவே எந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் நாள் செய்ய வேண்டியது, உங்கள் தெருவுக்கு வார்டு எண், குடிநீர் வாரிய டிப்போ (உங்கள் பகுதிக்கான வாரியத்தின் உள்ளூர் அலுவலகம்) எண், மின்வாரியப் பிரிவு, காவல் நிலையம் நான்கையும் ஒரு தாளில் எழுதி வைப்பது. சொத்து வரி ரசீது, தண்ணீர் வரி அட்டை, மின் கட்டண ரசீது மூன்றையும் எடுத்து வைத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

1913-க்குப் போன் செய்தால் போதாதா?

ஒரே துறையின் வேலைக்குப் போதும். விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்றால் மாநகராட்சியின் 1913, அல்லது அவர்களின் செயலி. கழிவுநீர், குடிநீருக்கு 1916 அல்லது 044-45674567. மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987.

துறை கடந்த பிரச்சினையில் இந்த எண்கள் ஒரு வினோதம் செய்யும். வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது என்று 1913இல் பதிந்தால், "குடிநீர் வாரியம் சம்பந்தப்பட்டது" என்று சொல்லிப் புகாரை முடித்துவிடுவார்கள். 1916இல் பதிந்தால் "மாநகராட்சி வடிகால்" என்று முடிப்பார்கள். இரண்டு பதிவேட்டிலும் புகார் தீர்க்கப்பட்டது என்று இருக்கும். தெருவில் நாற்றம் அப்படியே இருக்கும். ஆனாலும் இரண்டு இடத்திலும் பதியுங்கள். அந்த இரண்டு எண்களும், முடித்துவைத்த குறுஞ்செய்திகளும் பிறகு கூட்டு ஆய்வு கேட்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆதாரம்.

தெருவில் தண்ணீர் நிற்கிறது. யாரைக் கூப்பிடுவது?

கூப்பிடுவதற்கு முன் பத்து நிமிடம் பாருங்கள். நிற்பது கறுப்பாக, நுரையோடு, வட்ட மூடியின் ஓரத்திலிருந்து பொங்கினால் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு, அல்லது நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓடவில்லை. மழை நின்ற பிறகு தெளிந்த நீர் நிற்கிறது, பக்கத்து வடிகாலைத் திறந்தால் உள்ளே பாதிதான் இருக்கிறது என்றால், சாலையிலிருந்து வடிகாலுக்குள் நீர் இறங்கும் வாயும் அதை ஒட்டிய வண்டல் தொட்டியும் அடைத்திருக்கின்றன. மண்வெட்டியோடு இரண்டு பேர் வந்தால் அரை மணி நேர வேலை. வடிகால் விளிம்பு வரை நிரம்பி, நீர் நகராமல் நிற்கிறது என்றால் சிக்கல் உங்கள் தெருவில் இல்லை. அது போய்ச் சேரும் கால்வாயோ ஆறோ மேலே நிற்கிறது. கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கலாம், முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருக்கலாம், கடலில் ஓதம் ஏறியிருக்கலாம். அங்கே மாநகராட்சிப் பொறியாளரைத் திட்டிப் பயனில்லை. நீர்வளத் துறைக்குப் போக வேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை: சாலைமேல் சாலை போட்டு மட்டம் ஏறி, வடிகாலின் வாய் உயரத்தில் நின்றுவிடுவது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். உங்கள் தெருவில் தார் போட வரும் அன்று சுரண்டும் இயந்திரம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு பத்து மனு எழுதுவதைவிட மேல்.

மழை நாளில் தயவுசெய்து செய்யக்கூடாதது: சாலை நடு வட்ட மூடியைத் திறந்து மழைநீரை இறக்கிவிடுவது. ஒரு மணி நேரத்துக்குத் தெரு வடியும். ஆனால் மண்ணும் பிளாஸ்டிக்கும் குழாயில் இறங்கும், நீரேற்று நிலையம் திணறும், கடைசியில் தாழ்வாக இருக்கும் தரைத்தள வீட்டுக் கழிப்பறையில் கழிவுநீர் எதிர்த்து வரும். திறந்த மூடி நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடைப்பு எடுக்க ஆளை இறக்கலாமா, அவசரத்துக்கு?

கூடாது. தனியார் ஆளைக் கூப்பிட்டு உங்கள் அடுக்குமாடியின் செப்டிக் தொட்டியில் இறக்கினாலும், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இயந்திரம் வேண்டுமென்றால் 14420.

குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது போலத் தெரிகிறது. என்ன வரிசையில் செய்வது?

இதில்தான் துறைகள் சேர்ந்து நின்றால் உயிர் பிழைக்கும், சேராவிட்டால் மஞ்சள் காமாலை பரவும். எப்படிக் கலக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சென்னையில் பல தெருக்களில் குழாயில் நாள் முழுக்க நீர் அழுத்தம் இருப்பதில்லை. நீர் நின்ற நேரத்தில் குழாய் வெற்றாக இருக்கும். அப்போது யாராவது இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், குழாயின் விரிசல் வழியே சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். வீட்டு இணைப்புக் குழாய் மழைநீர் வடிகாலைக் குறுக்கே தாண்டிப் போகும் இடம், துருப்பிடித்த பழைய இரும்பு இணைப்பு, அடிபம்பின் அடிப்பகுதி, பள்ளத்தில் வைத்த குழாய் ஆகிய நான்கும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

முதலில் இரண்டு இடத்தில் குளோரின் பாருங்கள்: நீர் வரும்போது தெருக் குழாயில் ஒன்று, உங்கள் சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) ஒன்று. சோதனைப் பெட்டி சுகாதார ஆய்வாளரிடமும் டிப்போவிலும் இருக்கும். ஒரு லிட்டரில் 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். தெருவில் இருந்து, சம்ப்பில் இல்லை என்றால் கோளாறு உங்கள் வளாகத்துக்குள். செப்டிக் தொட்டிக்கு ஓரடி தள்ளி சம்ப் கட்டிய கட்டடங்கள் சென்னையில் ஏராளம். தெருக் குழாயிலேயே இல்லை என்றால் வாரியத்தின் வேலை.

அடுத்தது மாதிரி எடுப்பது. குளிர்பானப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனால் ஆய்வகம் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியே வேண்டும். அதில் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் மருந்து போட்டிருப்பார்கள், அதைக் கழுவி ஊற்றிவிடக்கூடாது. குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட்டு, விளிம்பில் கை படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கூடுமானவரை 6 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். குடிநீர் வாரியத்துக்குக் கீழ்ப்பாக்கத்தில் ஆய்வகம் உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் நீர் பரிசோதிக்கிறார்கள்.

இப்போது துறைகள் எங்கே நழுவும் என்று பாருங்கள். ஒரு தெருவில் ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலை. சுகாதாரத் துறைக்குப் பட்டியல் போகிறது. வாரியம் வந்து மாதிரி எடுக்கிறது, "நீர் நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடலில் நுழைந்து நோயாகத் தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். இன்றைய நீர் நேற்றைய நீர் அல்ல. எனவே வாரியத்திடம் கேட்க வேண்டியது இன்றைய சோதனை முடிவை மட்டும் அல்ல. போன மாதம் அந்தத் தெருவில் எந்தத் தேதியில் குழாய் உடைந்தது, யார் தோண்டினார்கள், எத்தனை நாள் சப்ளை நின்றது என்ற பதிவை. வயிற்றுப்போக்காக இருந்தால் கணக்கு வேறு. அது சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் காட்டிவிடும், அப்போது இன்றைய மாதிரிக்கு அர்த்தம் உண்டு.

நோயாளிப் பட்டியலும் குழாய் வரைபடமும் ஒரே மேசைக்கு வர வேண்டும். சுகாதார ஆய்வாளர் வைத்திருக்கும் வீட்டு எண்களை டிப்போ பொறியாளரின் குழாய்ப் பாதைமேல் புள்ளி வைத்துப் பார்த்தால், எந்த இரண்டு வால்வுக்கு நடுவில் தோண்ட வேண்டும் என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். இந்த ஒரு வேலையைத்தான் இரண்டு அலுவலகமும் தனித்தனியே செய்ய முடியாது. நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கதவு எண் போதும்.

அதுவரை வீட்டில்: நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். சம்ப்பைக் கழுவிய பின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளி நீரில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் பொறுங்கள். இந்த அளவு, பவுடரில் நாலில் ஒரு பங்கு குளோரின் இருந்தால்தான் சரி. சென்னைப் புழுக்கத்தில் வாய் கட்டாத மூட்டை சில வாரத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும்.

டெங்கு வந்த தெருவுக்குப் புகை அடித்தால் போதுமா?

புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். அடுத்த வாரம் புதுக் கூட்டம் வந்துவிடும், ஏனென்றால் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் சாக்கடையில் வளராது. டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டயர், கட்டுமான இடத்தின் லிஃப்ட் குழி என நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை உலர்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே டிரம்மைக் கவிழ்த்தால் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். மலேரியாவைப் பரப்பும் கொசு கிணற்றிலும் மூடி இல்லாத மேல்நிலைத் தொட்டியிலும் இருக்கும். மாலையில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் கால்வாயிலிருந்து வரும் கியூலெக்ஸ்.

கொசு வளரும் இடத்தைப் பொறுத்துப் பொறுப்பும் மாறும். வீட்டுக்குள் பார்ப்பது மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர். ஒருவருக்குச் சுமார் 500 வீடு. கால்வாய் பல இடத்தில் நீர்வளத் துறை. கட்டுமான இடத்துக்குள் பணியாளரை விடாத மேஸ்திரி மாநகராட்சியின் நோட்டீசுக்குத்தான் அசைவார். கைவிடப்பட்ட அரசுக் குடியிருப்பு, காவல் நிலையத்தில் குவிந்த பறிமுதல் வண்டிகள், ரயில்வே இடம் ஆகியவைதான் யாரும் நுழையாத தீவுகள். தெருவில் எல்லா வீட்டையும் சுத்தம் செய்தும் காய்ச்சல் அடங்கவில்லை என்றால் இந்தத் தீவுகளைத் தேடுங்கள்.

ஒருவருக்கு டெங்கு உறுதியானால் மருத்துவமனை தகவல் தரும். அந்த வீட்டையும் சுற்றிச் சுமார் 50 வீட்டையும் சோதித்து மருந்து அடிப்பார்கள். இது கோட்டைவிடும் இடம் முகவரி. ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவர் ஆதாரில் உள்ள சொந்த ஊர் முகவரியைச் சொல்வார், மருந்து அடிக்கும் குழு இங்கே வராது. மருத்துவமனையில் பதியும்போது இப்போது தூங்கி எழும் வீட்டின் முகவரியைச் சொல்லச் சொல்லுங்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது, ஆகவே பள்ளி, அலுவலக முகவரியும் சேர்ந்தால் நல்லது.

தொட்டியில் ஊற்றும் டெமிஃபாஸ் மருந்தைக் கண்டு சிலர் பணியாளரிடம் சண்டை போடுகிறார்கள். அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டாதவரை அது குடிநீரில் அனுமதிக்கப்பட்டதுதான். விருப்பமில்லை என்றால் இறுகிய மூடி போடுங்கள், வாரம் ஒருமுறை காலிசெய்து தேயுங்கள். இரண்டும் செய்யாமல் கதவை மட்டும் சாத்தாதீர்கள்.

கூட்டு ஆய்வு என்கிறார்களே, அதை எப்படி வாங்குவது?

சம்பந்தப்பட்ட துறைகளின் உதவிப் பொறியாளர்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதுதான் கூட்டு ஆய்வு. மண்டல அலுவலருக்கு ஒரு பக்க மனு, நகல் குடிநீர் வாரியப் பகுதிப் பொறியாளருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும். மனுவில் கதை வேண்டாம். இடம், அருகிலுள்ள விளக்குக் கம்ப எண், இரண்டு துறையும் முடித்துவைத்த புகார் எண்கள், நீங்கள் கேட்கும் தேதி ஆகியவை போதும். கையால் வரைந்த தெருப் படத்தில் 1, 2, 3 என்று புள்ளி வைத்து இணையுங்கள்.

நேரம் முக்கியம். குடிநீர்ப் பிரச்சினை என்றால் தண்ணீர் விடும் நேரத்தில். கழிவுநீர் என்றால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், வீடுகள் எல்லாம் நீர் விடும் வேளையில். மதியம் மூன்று மணிக்கு வந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் "அவங்க முடிச்சா நாங்க செஞ்சிடுவோம்" என்பார்கள். பொய் இல்லை, அதுதான் உண்மையான முடிச்சு. அதனால் அங்கேயே வரிசையை எழுத வேண்டும். பொதுவாக ஆழத்தில் உள்ளது முதலில்: கழிவுநீர்க் குழாய், பிறகு குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்கம்பி, கடைசியில் சாலை. குறுக்கே மின்பெட்டி நிற்கிறது என்றால் அதை நகர்த்துவது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும், அதற்கு யார் மின்வாரியத்துக்குப் பணம் கட்டுவது என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான வேலை நிற்பது அந்த ஒரு கட்டணத்தில்தான். ஒவ்வொரு வரிக்கும் பதவியும் தேதியும். ஒரு தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் போன் கேமராவில் எடுத்து அன்றே மண்டல அலுவலகத்துக்கு மின்னஞ்சல். கையெழுத்துப் போடத் தயங்கினால், பேசியதை நீங்களே எழுதி "இன்று ஆய்வில் ஒப்புக்கொண்டபடி" என்று அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவும் ஆவணம்தான்.

குடிநீர் வாரியம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் குறைதீர்க் கூட்டம் நடத்துகிறது. கூட்டு ஆய்வுக்குத் தேதி கேட்க நல்ல இடம் அது.

வார்டு குழு, பகுதி சபையால் ஏதாவது பயன் உண்டா?

2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள வாக்காளர்கள் கூடிப் பேசுவது பகுதி சபை. மாமன்ற உறுப்பினர் தலைமையில் பகுதிப் பிரதிநிதிகள் அமர்வது வார்டு குழு. கிராம சபையின் பலம் இதற்கு இன்னும் வரவில்லை. பல இடத்தில் நாற்காலி போட்டு மனு வாங்கி முடித்துவிடுகிறார்கள்.

இருந்தாலும் விட்டுவிடக்கூடாது. காரணம், அங்கே எழுதப்படும் தீர்மானம் ஒரு தனி மனிதரின் புகார் அல்ல. அதைப் பயன்படுத்தும் வழி: கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே குடிநீர் வாரியம், மின்வாரியம், காவல் நிலையம் மூன்றிலிருந்தும் ஆள் வரவேண்டும் என்று மாமன்ற உறுப்பினர் மூலம் கடிதம் அனுப்ப வைப்பது. மாநகராட்சி ஊழியர் மட்டும் வந்த கூட்டத்தில் குழாய்ப் பிரச்சினை பேசினால் காற்றில் போகும். இருபது கோரிக்கை வைக்காதீர்கள், மூன்று போதும்.

போட்ட சாலையை ஏன் உடனே வெட்டுகிறார்கள்?

ஒவ்வொரு துறைக்கும் பணம் வெவ்வேறு மாதத்தில் வருகிறது. சாலையைத் தோண்ட மாநகராட்சி அனுமதியும் சீரமைப்புக் கட்டணமும் தேவை. வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலைவெட்டுக்குத் தடை போடுவது வழக்கம்; தடைக்கு முன் முடித்துவிடலாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் தோண்டுவார்கள். சாலை போடும் பட்டியலில் உங்கள் தெரு வந்ததும் வார்டுப் பொறியாளரிடம், "குடிநீர் வாரியத்திடம் கேட்டீர்களா, பழைய இணைப்புகளை மாற்றிவிட்டார்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். புது இணைப்பு வேண்டிய வீடுகளும் அதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். பாதிச் சாலைவெட்டு நம் வீட்டு இணைப்புக்காகத்தான் நடக்கிறது.

நடைபாதைக் கடைகளை அகற்றச் சொல்லி காவல் துறையிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். வந்தாலும் அது வெறும் அத்துமீறல் அல்ல. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும். முடிவெடுப்பது மாநகராட்சி ஆணையர் தலைமையிலான நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், காவல் துறையும் உண்டு. உங்கள் கோரிக்கையை அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள்: 1.8 மீட்டர் நடக்க இடம் விட்டுக் கடைகளை எங்கே வைக்கலாம் என்ற வரைபடத்தோடு. வரைபடம் போடும்போது பூக்கடைக்காரரையும் இட்லிக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு நடந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். மீதிப் பாதி, நடைபாதையில் ஏறி நிற்கும் இருசக்கர வண்டிகளால். அது போக்குவரத்துக் காவல்.

மனநலம் குன்றிய ஒருவர் தெருவில் திரிகிறார். யார் அழைத்துப் போக வேண்டும்?

காவல் நிலையம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீடு தெரியவில்லை என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சிகிச்சை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற இடங்களில். அதன்பின் தங்க இடம் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் கடைசிக் கண்ணியில். மருத்துவமனை அனுப்பிவிடும், காப்பகத்தில் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, பத்து நாளில் அதே சிக்னலில் நிற்பார். எனவே ஆரம்பத்திலேயே காவல் நிலையத்திடம் பதிவு எண் வாங்கிக்கொண்டு, வெளியே அனுப்பும்போது தகவல் சொல்லும்படி மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கொடுத்து வையுங்கள். மாத்திரையைத் தொடர்வதற்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரையும் அப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் 14416இல் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அதிகாரிகளைச் சேர்த்துவிட்டால்?

தகவலுக்கு நல்லது. பதிவுக்கு உதவாது, அதிகாரி மாறுதலாகிப் போகும்போது குழுவும் கூடவே போய்விடும்.

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால்?

முதலில் தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள். துறை கடந்த பிரச்சினைக்கு இதில் ஒரு நல்ல பிடி இருக்கிறது: தவறான அலுவலகத்தில் கொடுத்தாலும், 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். "இது எங்களுடையது அல்ல" என்று சும்மா திருப்ப முடியாது. யாருடையது என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காமல், "இந்த நீளத்து வடிகாலைப் பராமரிக்கும் அலுவலகம் எது, கடைசியாகத் தூர்வாரிய தேதி எது, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து பதியும் ஏடு) நகல்" என்று கேளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கில், பணம் இல்லை என்று உள்ளாட்சி கைவிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் சொன்னது. இந்த வழியைச் சென்னையில் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள், வியப்புதான்.

பருவமழைக்கான வேலையை எப்போது தொடங்குவது?

ஜூன். அக்டோபரில் பொறியாளர்கள் எல்லாரும் மோட்டார் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஜூனில் கூட்டு ஆய்வு, ஜூலையில் வடிகாலுக்குள் விட்ட கழிவுநீர் இணைப்புகளைக் குடிநீர் வாரியம் அடைப்பது, ஆகஸ்டில் தூர்வாருவது. இணைப்பை அடைக்காமல் தூர்வாரினால் செப்டம்பரிலேயே மறுபடி சேறு நிரம்பும். எடுத்த வண்டலை அன்றே லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். கரையில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழைக்கே அது வந்த வழியே உள்ளே போய்விடும்.